ஒன்பது கட்டங்களுக்குள்

சிம்பாங் ரெங்கத்தில் நான் வேலை செய்யும் அச்சுக்கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பேனருக்குத்தான் வருவார்கள். கோயில் திருவிழா, கல்யாணம், பிறந்தநாள், இல்லையென்றால் துக்கம். ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. முதலாளி கணினியில் வேலை செய்யும்போது பின்னால் நின்று பார்த்துப் பார்த்துப் படம் செய்யக் கற்றுக்கொண்டேன். ஆட்களோடு பேச எனக்கு வராது. திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவனிடம் யாரும் அதிகம் பேச்சுக் கொடுப்பதில்லை. அதனாலேயே அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது.

ஒருநாள் தமிழ்ப்பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். சிறப்புக் கல்வி வகுப்பைப் பார்த்துக்கொள்பவர். தட்டையான ஒரு பலகையை மேசைமேல் வைத்தார். சாதாரண விசைப்பலகையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பொத்தான் இருக்கும். இதில் எதுவும் இல்லை. மேலே ஒரு தாளை விரித்துவைக்க வேண்டும். தாளில் கட்டங்கள், கட்டத்துக்குள் படங்கள். பிள்ளை எந்தப் படத்தை அழுத்துகிறதோ அந்தச் சொல்லைக் கணினி சத்தமாகச் சொல்லும். குரலை டீச்சரே பதிவு செய்துவிடுவாராம். தாளை நான் செய்து தரவேண்டும்.

"ஒரு பிள்ளைக்காகத்தாண்ணே. ஒன்பது வயசுப் பொண்ணு. நடக்க முடியாது, பேச முடியாது, கை நிக்காம ஆடிக்கிட்டே இருக்கும். ஆனா எல்லாம் புரியும். கட்டத்தப் பெருசாப் போட்டுக் குடுங்க."

நான் தலையாட்டினேன். அன்று மாலையே செய்தேன். எனக்குத் தெரிந்த அழகு பேனர் அழகுதான். ஓரத்தில் தங்க நிறக் கொடி, மூலைக்கு மூலை மயில், நடுவில் கட்டங்கள். மினுமினுக்கும் பிளாஸ்டிக்கைப் போட்டு மூடினேன். இரண்டு நாள் கழித்து டீச்சர் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவரால்.

"அண்ணே, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்குலா! அவ தண்ணியவும் அமுக்கல, சோத்தையும் அமுக்கல. நாள் முழுக்க மயிலையே அமுக்கிக்கிட்டு இருந்தா."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆனால் அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பின்னணி கறுப்பாக இருந்தால் அந்தப் பிள்ளையின் கண்ணுக்குப் படம் தெளிவாகத் தெரியும். பிளாஸ்டிக் மினுங்கினால் விளக்கு வெளிச்சம் அதில் விழுந்து கண் கூசும். கை வழுக்கிப் பக்கத்துக் கட்டத்தில் விழாமலிருக்க நடுவில் விரல் அகலத்துக்கு இடம் விடவேண்டும். வைத்துப் பார்த்ததில் ஒன்பது கட்டங்கள்தான் சரியாக வந்தன. பத்தாவதைச் சேர்த்தால் எல்லாம் சிறுத்துவிடும், அவள் நினைத்தது ஒன்று, கை விழுவது இன்னொன்றாகிவிடும்.

கணினியில் கிடைத்த படங்களும் உதவவில்லை. அதிலிருந்த வீடு பனி மூடிய கூரையோடு இருந்தது. சாப்பாடு என்றால் முள்கரண்டி வைத்த தட்டு. அவள் கண்டதே இல்லாத பொருள்கள். ஆகவே அவளுடைய சொந்தப் பொருள்களையே படம் எடுத்து வரச் சொன்னேன். அவள் குடிக்கும் மூடிபோட்ட பச்சைக் கப், அவள் படுக்கும் பாய், அவர்கள் வீட்டு வாசல். ஒவ்வொன்றையும் பின்னணியிலிருந்து வெட்டி எடுத்துக் கறுப்பில் பதித்தேன். அவளுடைய அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். லாரி கதவருகே நின்று எடுத்த படத்தை அனுப்பினார்.

அம்மா மட்டும் கடைக்கே நேரில் வந்தார். தொழிற்சாலை வேலை முடிந்து, பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு, நீலச் சீருடையில், கழுத்தில் அடையாள அட்டையோடு நின்றார். வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வரலாமே என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"வேணாண்ணே. சேல கட்டுனா என் மகளுக்கே என்ன அடையாளம் தெரியாது. தெனமும் இந்தக் கோலத்துலதானே பாக்குறா" என்று சொல்லிவிட்டு, கடைச் சுவரோரம் நின்று பல் தெரியச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் வெட்டி எடுத்து நடுக்கட்டத்தில் வைத்தேன்.

இந்த முறை தாள் சரியாக அமைந்தது. அவள் முதலில் அழுத்தியது அம்மாவைத்தான் என்று டீச்சர் வந்து சொன்னார். "சோறு", "வேணும்" என்று இரண்டு கட்டங்களை அடுத்தடுத்து அழுத்தவும் பழகிக்கொண்டாள். மாலையில் அம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் "அம்மா, அம்மா, அம்மா" என்று பலகை கத்துமாம். ஒன்பது வருஷமாகப் பிள்ளை வாயால் கேட்காத சொல். பொருள் வாங்கக் கடைத்தெருவுக்கு வரும்போதெல்லாம் அந்த அம்மா எங்கள் கண்ணாடிக் கதவைத் தட்டி, எனக்குக் கையசைத்துவிட்டுப் போவார். நானும் கையசைப்பேன். அதற்குமேல் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

ஒருநாள் காலை அந்த அம்மா வேலைக்குக் கிளம்பும்போது தலை வலிக்கிறது என்றாராம். பஸ்ஸிலேயே மயங்கிவிட்டார். தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் இறந்துபோனார்.

சவப்பெட்டியருகே வைக்கப் பெரிய படம் வேண்டும் என்று பிள்ளையின் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, கடைக்கு வந்தார். வீட்டில் நல்ல படம் எதுவும் அகப்படவில்லையாம். பலகையில் இருக்கும் படத்தையே பெரிதாக்கச் சொன்னார். சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இதென்ன, பேக்டரி சட்டையோடயா சாமி கும்புடுறது? பட்டுச்சேல போட்டு விடுங்க தம்பி. அந்த அட்டைய எடுத்துடுங்க. நெத்தியில பெருசா பொட்டு வைங்க."

துக்க வீட்டுப் படங்களில் எல்லாரும் கேட்பதுதான் இது. கணினியில் தலையில்லாத பட்டுச்சேலை உடம்புகள் எங்களிடம் ஏராளம். பொருத்தமான ஒன்றை எடுத்துக் கழுத்தை ஒட்டவைத்தேன். கழுத்துக்குக் கீழே யாரோ ஒருத்தி. முகத்தில் பொட்டைத் தவிர வேறெதையும் நான் தொடவில்லை.

சட்டம் போட்ட படத்தைத் துக்க வீட்டுக்கு நானே கொண்டுபோனேன். நாற்காலியில் சாய்த்து வைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளையைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்தார்கள். படம் அவள் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. அவள் சேலையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். ஆடுகிற கையை மெதுவாகக் கொண்டுபோய் அந்த முகத்தின்மேல் வைத்து அழுத்தினாள். அப்படியே காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. இன்னும் பலமாக அழுத்தினாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். நான் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்துவிட்டேன்.

கருமாதி முடிந்த பிறகு அப்பா கடைக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"அண்ணே, அந்தத் தாள மாத்திக் குடுங்க. அம்மா படத்த எடுத்துடுங்க. நாள் முழுக்க அதையே அமுக்குறா. வீட்டுல அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருக்க முடியல. அக்காதானே இப்பப் பாத்துக்குறாங்க. அந்த எடத்துல அவங்கள போட்டுடுங்க."

அப்போது டீச்சருக்கும் தொலைபேசியில் சொன்னோம். "அது அவளோட வார்த்தை. அத எடுத்துட்டா அவ எதச் சொல்லி அழுவா?" என்று கேட்டார். அத்தைக்கும் ஒரு கட்டம் வேண்டியதுதான். காலையிலிருந்து பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடப் பிள்ளைக்கு வழி வேண்டாமா? எனக்கு யார் சொல்வது சரி என்று தெரியவில்லை. தகப்பன் கேட்டதைச் செய்து கொடுத்தேன்.

தாள் பலகையில் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க நானும் பள்ளிக்குப் போனேன். அப்பா வகுப்பு வாசலோடு நின்றுகொண்டார். பிள்ளை பலகையைப் பார்த்ததும் நேராக நடுக்கட்டத்தில் கையை வைத்தாள்.

"அத்தை" என்றது பலகை.

அவள் டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். "அத்தை." பிறகு ஒவ்வொரு கட்டமாக அழுத்திக்கொண்டே போனாள். தண்ணி. சோறு. படுக்கணும். அப்பா. வீடு. கடைசிக் கட்டம் வரைக்கும் போய்விட்டுத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள். தேடுகிறாள் என்று எங்கள் மூவருக்கும் தெரிந்தது. மூன்றாவது முறை சுற்றி வந்தபோது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டீச்சர் எவ்வளவு கொஞ்சியும் அந்தக் கை மேலே வரவில்லை. அன்று தண்ணீர்கூடக் கேட்கவில்லையாம்.

மறுநாள் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு அப்பா வந்தார். இந்த முறை என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பழையபடி அவ அம்மாவ நடுவுல வெச்சிடுங்கண்ணே."

"அப்ப அக்கா?" என்று கேட்டேன்.

"அவங்களும் இருக்கட்டும்."

ஒன்பதுக்குமேல் இடமில்லை என்று சொன்னேன். கட்டங்களைத் திரையில் காட்டினேன். தண்ணியை எடுக்க முடியாது. சோற்றை எடுக்க முடியாது. வலிக்குது, வேணும், வேணாம், எதையும் எடுக்க முடியாது. அவர் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக்கொண்டே வந்து, லாரிக் கதவருகே நிற்கும் தன் படத்தில் நிறுத்தினார்.

"என்ன எடுத்துடுங்க."

நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"நெசமாத்தாண்ணே. நான் இருக்கேன்ல. என்னக் கூப்புடவே வேணாம், அவ பக்கத்துலயேதான் இருப்பேன். அவ அம்மாவ இனிமே எங்க பாப்பா?"

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் படத்தை அழித்தேன். ஒரு நொடி அந்தக் கட்டம் வெறும் கறுப்பாக நின்றது. அக்காவின் படத்தை அங்கே நகர்த்தினேன். நீலச் சீருடைக்காரியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். தாளை அச்சடித்து அவர் கையில் கொடுத்தேன்.

அந்தத் தாள்தான் இப்போதும் இருக்கிறது. ஓரம் நைந்துபோனால் அதையே மறுபடி அச்சடித்துக் கொடுக்கிறேன். போன மாதம் புதுத் தாளைக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். அப்பா குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். முன் அறையில் பலகை "அம்மா" என்றது. அவர் தண்ணீர்க் குழாயை மூடினார்.

"வரேம்மா" என்று சொல்லிவிட்டு, ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே மகளிடம் போனார்.