வெள்ளைப் பூ வந்த தேர்தல்

கோவையில் எனக்கு முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்தது. மாதா மாதம் உதவித்தொகையும் உண்டு என்று தெரிந்ததும் அப்பா உடுமலைச் சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "என்ற புள்ள படிக்கறதுக்குக் கவருமெண்டு சம்பளம் குடுக்குதுங்க." என்ன படிப்பு என்று தேங்காய் வியாபாரிகள் கேட்டால் மட்டும் கொஞ்சம் திணறுவார். ஜனநாயகத்தைப் பற்றி இளைஞர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது என் தலைப்பு. "சின்னப் பசங்க நெனைக்கறதையெல்லாம் எழுதோணுமாமா" என்று சிரித்துச் சமாளிப்பார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட அந்த உதவித்தொகை கைகொடுத்ததால் எனக்கும் அதன்மேல் தனிப் பாசம்.

கேள்வித்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பஸ்ஸில் அலைந்தேன். எங்கள் பக்கத்து ஆட்களிடம் கருத்துக் கேட்பதைப் போன்ற பாடு வேறில்லை. முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லவே மாட்டார்கள். ஜனநாயகம் நல்லதா? "நல்லதுதானுங்க." ஒரே ஆள் எல்லாவற்றையும் முடிவு செய்தால்? "அதுவும் நல்லதுதானுங்க." மோர் கொடுத்து, பஸ் வரும்வரை கூட நின்று, மரியாதையாக ஏற்றி அனுப்பிவிடுவார்கள். கேள்வித்தாளைக் கிழித்துப் போடலாமா என்று வரும் எனக்கு.

என் தம்பி ஒருவன்தான் கேள்விக்குக் கேள்வி சண்டை பிடித்தான். அவன் கோவையில் லேத் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தான். சனிக்கிழமைகளில் இருவரும் ஒரே பஸ்ஸில் ஊருக்குப் போவோம். 'ஊரே கூடி ஒருவரை முடிவு செய்துவிட்டால் தேர்தல் தேவையா?' என்று ஒரு கேள்வி வைத்திருந்தேன். "ஊருன்னா யாருக்கா? தெக்காலத் தெருவு அதுல சேத்தியா இல்லியா? அத மொதல்ல எழுதுக்கா" என்றான். தெற்குத் தெருவில் எங்கள் தோட்டங்களுக்குக் கூலிக்கு வருகிறவர்கள் குடியிருந்தார்கள். தண்ணீர்க் குழாய் அந்தத் தெரு முனையோடு நின்றுவிட்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நெடுநாளைக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் ஊரில் முக்கியமான காரியம் எதுவானாலும் அம்மன் கோயிலில் பூக் கேட்பார்கள். வெள்ளை அரளியை ஒரு பொட்டலமாகவும் சிவப்பு அரளியை இன்னொன்றாகவும் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. கிணறு வெட்டக் கேட்பார்கள், பெண் எடுக்கக் கேட்பார்கள். அந்த முறை வார்டு மெம்பருக்குக் கேட்டார்கள். அப்பாதான் கோயிலுக்குத் தலைமை. தன் பங்காளி ஒருவர் போட்டியில்லாமல் மெம்பர் ஆகலாமா என்று அவரே அம்மனிடம் கேட்டார். வெள்ளை வந்தது. கூட்டம் கலைந்து காப்பி குடிக்கப் போனது.

மறுநாள் தம்பி மனுத் தாக்கல் செய்தான்.

அப்பா முதலில் கோபப்படவில்லை. "சாமி சொல்லிப்போட்டதுக்கு மேல நாம என்ன பண்ண முடியும் கண்ணு" என்றார்.

"நீங்க சாமிகிட்ட ஒரு பேரத்தானுங்கப்பா சொன்னீங்க. என்ற பேரையுங் கேட்டிருக்கலாமுல்லங்க."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினார். அம்மா என் பக்கம் திரும்பினாள். "உன்ற கேள்வித்தாள்தான் அவனக் கெடுத்துப்போட்டது அம்மணி." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் என்ன பால்குடியா, சொல்லிக் கெடுக்க? வயது வந்த பையன் ஓட்டுக்கு நிற்கிறான், அவ்வளவுதானே என்று கத்தினேன்.

ஏணிச் சின்னம் கொடுத்தார்கள். வீடு வீடாகப் போனான். போன இடமெல்லாம் "அதுக்கென்ன கண்ணு, போட்டறலாம்" என்றார்கள். தெற்குத் தெருவிலும் அப்படியே சொன்னார்கள். அவன் அதை அப்படியே நம்பினான். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கே அந்தப் பதிலின் விலை தெரியாமல் போயிற்று. அதை நம்பாதே என்று நான் சொன்னதற்கு, "உனக்கு எல்லாஞ் சந்தேகந்தாங்கா" என்று சிரித்தான். ஆசையில் இருக்கிறவனிடம் என்ன பேச முடியும்?

படுதோல்வி. தெற்குத் தெருவும் கைவிட்டது. மறுநாள் காலையில் அவர்கள் அதே தோட்டங்களுக்குத்தான் வேலைக்குப் போயாக வேண்டும். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வாக்குச்சாவடி வரிசையில் அன்று அப்பாதான் முதல் ஆள். மை வைத்த விரலோடு வந்து கட்டிலில் படுத்துக்கொண்டார். யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற விஷயமும் இல்லை அது.

தோல்வியோடு விட்டிருந்தால் தம்பி அடுத்த சனிக்கிழமையும் என்னோடு பஸ் ஏறியிருப்பான். ஆனால் கோயில் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, முன்னால் ஊர் கூடியது. சாமி உத்தரவை மீறியவன் சபையில் விழுந்து கும்பிட்டால்தான் நோம்பி சாட்டி நாள் குறிக்கலாம் என்றார்கள். கிளம்பும் முன் அப்பா அவனிடம் கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். "ஒரு சொல்லு, தப்புன்னு சொல்லிப்போடு சாமி. அத்தோட போச்சு." சபையில் தம்பி நின்றபடியே கேட்டான்: "எது தப்புங்க? ஓட்டுக்கு நின்னதுங்களா?"

தீர்ப்பை அப்பாதான் சொல்ல வேண்டும். சொந்த மகனை விட்டுவிட்டு நாளைக்கு இன்னொருவர் மகனை அவர் எப்படிக் கேட்பார்? தப்பை ஒத்துக்கொள்ளும்வரை அவன் ஊருக்குள் வரக் கூடாது என்றார். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பி வீட்டுக்கு வந்து பையை எடுத்துக்கொண்டான். எங்கள் பக்கம் எங்கே கிளம்பினாலும் 'வாரேன்' என்றுதான் சொல்வோம். அவன் "போறேனுங்கப்பா" என்றான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்குள் ஓடினாள்.

பட்டறையையும் விட்டுவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தான். ஆய்வின் இரண்டாம் சுற்றுக்கு, அதே ஆட்களிடம் அதே கேள்விகளை மறுபடி கேட்க வேண்டியிருந்தது. அவனிடமும் போனேன். மாடு கன்று போட்டதா என்று கேட்டான், அம்மாவின் முழங்கால் வலியைக் கேட்டான். கேள்வித்தாளை எடுத்ததும், "எல்லாத்துலயும் கருத்து இல்லைன்னு போட்டுக்கக்கா" என்றான். ஒவ்வொரு கேள்விக்கும் சண்டை பிடித்த பையன். கட்டங்களில் டிக் அடித்துக்கொண்டே அழுதேன். அவன் டீ வாங்கி வரப் போய்விட்டான்.

ஆய்வேட்டைக் கொடுத்தபின் நடக்கும் வாய்மொழித் தேர்வு பொது நிகழ்ச்சி. யாரும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் கடைசி வரிசையில் இருந்தார். நான் ஆய்வேட்டைத் தமிழில் எழுதியிருந்ததால் அவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. பெயர்களை வெளியிடக் கூடாது என்பது ஆய்வு முறை. ஊர் முடிவை எதிர்த்துப் போட்டியிட்டு ஊரைவிட்டுப் போன இளைஞர் ஒருவர் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த அட்டவணைக்குத் தாவினேன்.

சபையில் யாருக்காவது கேள்வி உண்டா என்று வெளியூர்த் தேர்வாளர் கேட்டார். அப்பா எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, யாரோ ஒருத்தியிடம் பேசுவதைப் போல என்னிடம் கேட்டார்:

"ஏனுங்க, தேர்தல்ல நின்ன ஒரு பையனப் பத்திச் சொன்னீங்க. அவரு மறுபடி ஊருக்கு வருவாருங்களா?"

தேர்வாளர் ஆவலாகப் பார்த்தார். "போகச் சொன்னவங்களே போய்க் கூப்பிட்டா வருவாருன்னு நினைக்கிறேனுங்க" என்றேன்.

அப்பா உட்காரவில்லை.

"கூப்பிட்டுப் பாத்தாச்சுங்க. திருப்பூருக்கே போய்க் கூப்பிட்டாச்சு. வரலீங்க."

அவர் போனது எனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. எந்தச் சபையிலும் சொல்ல முடியாததை முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தேர்வாளர் அது பொதுவான கருத்து என்று எடுத்துக்கொண்டு தலையசைத்தார். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் அப்பாவும் தட்டிக்கொண்டிருந்தார், மற்றவர்கள் நிறுத்திய பிறகும்.