புகை பார்க்கிற சோபனா மீது நான் கொடுத்த புகார்

சோபனா மீது புகார் கொடுத்தவன் நான்தான். மற்றவர் வாயால் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது.

ஆம்பூர் பைபாசில் பெட்ரோல் பங்க் ஓரமாக ஒரு பழைய வேன் நிற்கும். அதுதான் அவளுடைய புகை பரிசோதனை நிலையம். நாற்பது வயது இருக்கும். ஷூ கம்பெனியில் பத்து வருஷம் தைத்து, அந்தச் சம்பாத்தியத்தில் வேனும் கருவியும் வாங்கி, அரசாங்க அனுமதியும் வாங்கினாள். அவளையும் படிக்கிற மகளையும் காப்பாற்றுவது அந்த அனுமதிதான். காலையில் கருவியின் கண்ணாடியைத் துடைக்காமல் எந்த வண்டியையும் தொட மாட்டாள். கரும்புகை தள்ளும் லாரிக்காரன், "கொஞ்சம் பாத்துப் போடுக்கா" என்று குழைந்தால், "பாத்துதாம்பா போட்டேன், ஃபெயிலு" என்பாள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

நான் காசிநாதன். படிப்பு மூன்றாவதோடு சரி. பன்னிரண்டு வயதில் பச்சைத் தோலைத் தோளில் சுமந்தவன், இன்று துத்திப்பட்டில் தோல் பதனிடும் பட்டறை வைத்து எழுபது பேருக்கு வேலை கொடுக்கிறேன். ஷூவுக்கு உள்ளே வைக்கிற வெள்ளை லைனிங் தோல் எங்கள் சரக்கு. தோலைத் தொடாமலே அது எந்தச் சந்தை ஆடு என்று சொல்லிவிடுவேன். ஆளையும் அப்படித்தான். யாரையும் நம்பாததால்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

வெள்ளைத் தோல் காய்கிற களத்துக்குள் எஞ்சின் ஓடக் கூடாது. லாரி வந்தால் கேட்டிலேயே அணைத்துவிட்டு நாலு பேர் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஈரத் தோலில் டீசல் கரி படிந்தால் எதற்கும் போகாது. முப்பது வருஷமாக நான் போட்ட சட்டம்.

அதை நானே உடைத்தேன். ஒரு டீசல் கார் வாங்கியிருந்தேன். விற்றவன், "இது புகையே இல்லாத வண்டி சார்" என்றான். ஒரு வருஷம் அதைக் கேட்டுக்கு வெளியேதான் விட்டேன். வருஷம் முடிந்து சோபனாவிடம் புகை பார்த்தபோது ஒன்றுமே இல்லாத அளவு வந்தது. அவள் கொடுத்த பாஸ் காகிதத்தை நம்பி, அன்றிலிருந்து காரைக் களத்துக்குள் ஓட்டி, தோல் கொடிகளைச் சுற்றிக்கொண்டு வந்து ஆபீஸ் வாசலில் நிறுத்தினேன். பத்தாம் நாள், கொடியில் தொங்கிய தோலெல்லாம் சாம்பல் புள்ளி.

களத்து மேஸ்திரி ஜான் பாஷா என்னோடு சேர்ந்து மூட்டை தூக்கியவன். பயப்படாமல் பேசுவான்.

"அண்ணே, உங்க வண்டிதான்."

"அது பாஸான வண்டிடா."

"பாஸானது காயிதம்ணே. கறுத்தது தோலு."

அப்படியானால் காகிதம் பொய். காசை வாங்கிக்கொண்டு அச்சடித்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். குமாஸ்தாவை எழுதச் சொல்லி, கையெழுத்துப் போட்டுப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பினேன். பதினைந்து நாளில் பதில் சொல்லாவிட்டால் அனுமதி ரத்து என்று சோபனாவுக்கு நோட்டீஸ் போனது.

மறுநாளே வேனோடு எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள்.

"ஐயா, நீங்கதான் எழுதிப் போட்டீங்களா?"

"நான்தான். பொய்க் காயிதம் குடுத்தா இன்னா பண்றது, மாலை போடறதா?"

"உங்க கண்ணெதிர்லதானே பாத்தேன்."

"மிஷினுக்குள்ள இன்னா நடக்குதுன்னு எனக்கு இன்னா தெரியும்?"

"உங்க வண்டிக்குள்ள இன்னா நடக்குதுன்னு எனக்கும் தெரியாதுய்யா."

என் காரில் திரும்பவும் கருவியை மாட்டினாள். பாஸ். வேலூரிலிருந்து வேறொருவனை வரவழைத்தேன். அவன் கருவியிலும் பாஸ். இரண்டு பேரும் கூட்டு என்று எனக்குப் பட்டது. அவன் அவளைப் பார்த்துச் சிரித்ததைக்கூடக் குறித்து வைத்துக்கொண்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜான் பாஷாவிடம் திரும்பினாள். "பாய், வெள்ளத் தோல் துண்டு நாலு குடுங்க. ஈரமா."

முதல் துண்டைச் சைலன்சர் வாய்க்கு இரண்டு விரல் தள்ளிக் கம்பியால் கட்டினாள். நின்ற இடத்திலேயே ஆக்ஸிலேட்டரை அழுத்தச் சொன்னாள். துண்டு வெளுப்பு மாறவில்லை. இரண்டாவதைக் கட்டி, "ஏலகிரி ஏறலாம். நீங்களே ஓட்டுங்க, அப்புறம் நான் இன்னாவோ பண்ணிட்டேன்னு சொல்வீங்க" என்றாள். ஜான் பாஷா துண்டுகளில் எங்கள் தோலுக்கு அடிக்கிற மாதிரியே பஞ்ச் எண் அடித்தான். மாற்றிவிடுவாளோ என்று அதை அடிக்கச் சொன்னவன் நான்.

ஏழாவது வளைவில் இறங்கிப் பார்த்தோம். துண்டு தோசைக்கல் மாதிரி கறுத்திருந்தது.

அங்கேயே ஓரங்கட்டி மூன்றாவது துண்டைக் கட்டினாள். நின்றபடியே அழுத்தினேன். வெளுப்பு. நாலாவதைக் கட்டிக்கொண்டு உச்சிவரை ஓட்டினேன். கறுப்பு.

சோபனா துண்டுகளை வண்டியின் மூக்கு மேல் வரிசையாகப் பரப்பினாள்.

"சோதனைன்னா இதுக்குத் தெரியுதுய்யா. சக்கரம் சுத்தல, ஸ்டேரிங் திரும்பல, ஆனா எஞ்சின் மட்டும் உறுமுதுன்னா அடக்கமா இருன்னு கம்பெனிக்காரன் உள்ள கம்ப்யூட்டர்ல எழுதி வச்சிருக்கான். பொண்ணு பாக்கப் போற அன்னிக்கி மட்டும் பீடி குடிக்காத மாப்ள மாதிரி."

ஜான் பாஷா அடக்க முடியாமல் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோல் பார்க்கிற கண்ணை ஒரு இரும்புப் பெட்டி ஏமாற்றியிருக்கிறது. நான் அந்தக் கோபத்தை ஒரு பெண்பிள்ளையின் பிழைப்பில் இறக்கியிருக்கிறேன்.

"புகாரை வாபஸ் வாங்கிடறேன்" என்றேன். என் ஆயுசில் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"வேணாங்க. வாபஸ் வாங்கினா, நான் உங்க கால்ல விழுந்தேன்னுதான் ஊர் பேசும். புகார வண்டி மேல திருப்பி எழுதுங்க."

எழுதினோம். நாலு துண்டையும் தைத்து இணைத்து, அலுவலகத்தில் நானே நின்று கொடுத்தேன். அதிகாரி துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சோபனா விதிப்படி சோதித்திருக்கிறாள், அதனால் நோட்டீஸ் ரத்து என்று எழுதினார்.

"வண்டி?"

"அதுவும் விதிப்படி பாஸ்தானே பெரியவரே. ஓடும்போது பாக்க எங்ககிட்ட விதி இல்ல. மேல அனுப்பறேன்."

மேலே யார், அங்கே யாருக்கு யார் தோஸ்த் என்று நான் கேட்கவில்லை. ஆனால் மூன்றே நாளில் கார் கம்பெனியிலிருந்து ஆள் வந்தான். நான் அவர்களுக்கு ஒரு வரி எழுதவில்லை, போன் பண்ணவில்லை. "ஒரு சின்ன சாஃப்ட்வேர் சார், இலவசம். வண்டிய ரெண்டு நாள் குடுங்க" என்றான். தேனாகப் பேசினான். தேனாகப் பேசுகிறவனிடம் நான் தோல்கூட வாங்கியதில்லை.

சோபனாவுக்குப் போன் போட்டேன்.

"குடுத்துடாதீங்கய்யா. எடுத்துக்கினு போய் மாத்திட்டான்னா, அப்புறம் நாம சொன்னதெல்லாம் பொய்யாய்டும். என் லைசென்ஸ் மேல மறுபடி கை வைப்பாங்க."

அந்த ஆள் அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்தான். இரண்டாம் தடவை நான் வாணியம்பாடி போயிருந்த நேரம் பார்த்து வந்து, குமாஸ்தாவிடம் சாவி கேட்டிருக்கிறான். தன்னிடம் இல்லையென்று சொல்லி அனுப்பியதாகக் குமாஸ்தா சொல்கிறான்.

அன்று சாயங்காலமே காரைப் பைபாசுக்கு ஓட்டிப் போய், அவள் வேன் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு சாவியையும் சோபனாவிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீடு வந்தேன்.