ஆளில்லாத் தீவு

இணையக் கலைக்களஞ்சியத்தில் கிரேக்க நாட்டைப் பற்றி எழுதும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். எங்கள் குழுவில் இன்னொரு பெங்களூர்க்காரரும் இருப்பது தெரிந்து, தொம்மலூரில் அவர் வழக்கமாக வரும் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அறுபது வயதிருக்கும். பல நாள் சவரம் செய்யாத முகம். ஒரே ஒரு சின்னத் தீவைப் பற்றித்தான் எழுதுவார். அங்கே அன்று காற்று எப்படி என்று பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

ஆளில்லாத தீவுக்குத் தனிப் பக்கம் எதற்கு, நீக்கிவிடலாம் என்று குழுவில் பேச்சு எழுந்திருந்தது.

“விடுங்க சார், அங்கதான் யாருமே இல்லையே” என்றேன்.

“எம் பையன் இருக்கான்” என்றார். “சரக்குக் கப்பல்ல வேலை. அந்தத் தீவு பக்கத்துலதான் கப்பல் முழுகிச்சு. உடம்புகூட கெடைக்கல.”

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, “கப்பல் முழுகுனத எழுதுங்க சார். அப்ப நீக்க மாட்டாங்க” என்றேன்.

“அதையும் என் கையாலயே எழுதணுமா, சார்?”

அவர் எழுதவில்லை. நான் எழுதியிருக்கலாம், அந்த முகத்தைப் பார்த்தபின் எனக்கும் கை வரவில்லை. சில நாட்களில் பக்கத்தை நீக்கிவிட்டார்கள். அதன்பின் அவர் குழுவில் ஒரு வரிகூட எழுதவில்லை.