தேன் ஒட்டிய மெடல்

அப்பாவின் தங்க மெடல் வெளியே போய் எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போதெல்லாம் அதன் விளிம்பில் தேன் ஒட்டியிருக்கும். துடைத்துப் பெட்டியில் வைப்பதற்குள் இரண்டு எறும்பாவது ஏறிவிடும். எனக்கு வயதாகிவிட்டது, முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, பல பேருடைய முகம்கூட மறந்துபோயிற்று. அந்தப் பிசுபிசுப்பு மட்டும் விரல் நுனியில் அப்படியே இருக்கிறது.

அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் மண்டி ஒன்றில் தலைமை மேஸ்திரி. சுண்ணாம்புத் தொட்டிக்கும் ஆவாரம்பட்டைத் தொட்டிக்கும் நடுவிலேயே ஆயுளைக் கழித்தவர். மண்டிக்குப் புதுக் கட்டடம் திறந்தபோது அதன் நினைவாக முதலாளி சாயபு சென்னையில் ஒரு மெடல் அடித்து வரவழைத்து அவருக்குக் கொடுத்தார். ஒரு பக்கம் மாட்டுத் தலை, மறுபக்கம் அப்பாவின் பெயர். பட்டைச் சாயம் ஏறிப் பழுப்பான உள்ளங்கையில் அதை வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அவர் நின்றார்.

என்ன செய்வதென்று தெரு சொல்லிக்கொடுத்தது. பிறந்த குழந்தைக்குத் தேனில் பொன் உரைத்து நாக்கில் தடவுவது எங்கள் பக்கத்து வழக்கம். மண்டிக்குப் பின்னாலிருந்த எங்கள் தெருவில் மஞ்சள் கயிறு உண்டு, பொன் கிடையாது. அதனால் பிள்ளை பிறந்த வீட்டுக்காரர்கள் மெடலைக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். இதெல்லாம் மூடப்பழக்கம் என்று பாதிரியார் கோயிலில் கண்டிப்பார். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மெடலை எடுத்துக் கொடுப்பார். "நாத்தம் புடிச்ச தெருன்னு பொன்னு இந்தப் பக்கமே வர்றதில்ல. வந்த ஒண்ணையாவது புள்ளிங்க நாக்குல காட்டணும்" என்பார்.

நான் வேலூரில் நர்ஸ் வேலை கற்று, பிரசவ வார்டிலேயே பல வருஷம் நின்று கால் வீங்கியவள். கணவர் போன பிறகு அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆம்பூருக்கு வந்தேன். பச்சைக் குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர எதையும் கொடுக்காதே என்று தொண்டை வற்றக் கத்தியவளுக்குச் சொந்த வீட்டிலேயே இந்தக் கூத்து. அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். மெடலைக் கேட்டு வந்தவர்கள் என்னைக் கேட்கவில்லை, அதுதான் பொறுக்கவில்லை. நர்ஸ் என்றால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் கத்தி என்று அவர்களுக்குப் பயம். நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்க, என்னைத் தாண்டிப் போய் மெடலை வாங்கிக்கொண்டு போவார்கள்.

அப்பா கடைசியாகப் படுத்தபோது மெடலை என் கையில் வைத்து, "நீ பாத்துக்கோ" என்றார். எதைப் பார்த்துக்கொள்வது என்று சொல்லவில்லை.

தம்பி வாணியம்பாடியில் ஒரு தோல் கம்பெனியில் குமாஸ்தா. மகனுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்திருந்தான். அப்பாவை அடக்கம் செய்த வாரமே வந்து உட்கார்ந்தான். அவன் பேச்சிலும் நியாயம் இருந்தது. "பாருக்கா, மாட்டுக்குக் கொம்பே இல்ல. அப்பா பேர்ல பாதி தேஞ்சி போச்சி. இப்டியே உட்டா ஒண்ணும் மிஞ்சாது. உருக்கித் தாலி பண்ணா, வர்ற பொண்ணு கழுத்துலயாவது அப்பா பொன்னு இருக்கும்." உருக்கிவிட்டால் இந்தத் தேன் தொல்லையும் ஒழியுமென்று நானும் சரியென்றேன். அடுத்த வாரம் ஆசாரியிடம் போவதாக இருந்தோம்.

அதற்குள் ஒரு நாள் எங்கள் தெருப் பெண் ஒருத்தி மெடல் கேட்டு வந்தாள். மகளுக்கு ஆண் பிள்ளை பிறந்துவிட்டது, எல்லாம் நல்லபடியாக ஆயிற்று என்றாள். வாங்கிப் போனாள். மறுநாள் அவளே கொண்டுவந்து கொடுத்தாள், தேனோடு. கொடுத்துவிட்டு வாசலிலேயே சரிந்து உட்கார்ந்து, "ரத்தம் நிக்கவே இல்லம்மா. பொண்ணு போய்ட்டா" என்றாள். நாலு வீடு தள்ளி. நான் இங்கே அரிசி புடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். திட்ட வாயெடுத்தேன், பெற்றவளாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

மெடலை உருக்கப் போவதில்லை என்று தம்பிக்குச் சொல்லி அனுப்பினேன். அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை. ரயிலேறினால் எட்டிவிடும் ஊர். அன்றைக்கு அழுதேன், சொல்வதற்கென்ன.

தெருவில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். மெடல் இனிமேல் தனியாக வராது, வலி எடுத்ததும் வந்து சொன்னால் அதோடு நானும் வருவேன், பிள்ளை பிறந்த பிறகு கேட்டால் கிடையாது. "பொன்னு கேட்டா பொம்பளையும் கூட வருவாளாமே" என்று மருத்துவச்சிக் கிழவி குழாயடியில் நையாண்டி செய்தாளாம். முணுமுணுத்துக்கொண்டேதான் கூப்பிட்டார்கள். பொன் வேண்டுமே! கத்தரிக்கோலும் நூலும் கொதிக்கிற சட்டியில் மெடலையும் சாம்பலால் நன்றாகத் தேய்த்துப் போடுவேன். தேனை நிறுத்தப் பெரிய சண்டையாயிற்று. கடைசியில் ஆறிய மெடலைக் குழந்தையின் உதட்டில் ஒரு தரம் தொட்டு எடுப்பது என்று பேசி முடித்தோம். அதிலிருந்து எறும்பு வருவதில்லை. எனக்குத்தான் ஓய்வு போயிற்று. வார்டிலாவது ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது.

நேற்று மத்தியானம் கொஞ்சம் கண்ணயரலாமென்று பாயை விரித்தேன். தெருக்கோடி வீட்டுக்காரன், மண்டியிலிருந்து ஓடி வந்தவன், வாசலில் நின்றான். "நர்ஸம்மா, அவளுக்கு வலி எட்த்துக்கிச்சி. சீக்கிரம் வர்றீங்களா?" என்றான். முழங்காலைத் திட்டிக்கொண்டே எழுந்து பையை எடுத்தேன். பாதித் தெரு போன பிறகுதான் உறைத்தது. அவன் மெடலைக் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

பெண் குழந்தை. தாயும் சுகம். மெடலை யாரும் தேடவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்த்தேன், இத்தனை வருஷம் தேய்த்ததில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்துதான் மிச்சம். தாலிக்குப் போதாது. தம்பிக்குப் பேத்தி பிறந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒரு மோதிரத்துக்குத் தாங்கும், வந்து எடுத்துக்கொண்டு போ என்று அவனுக்கு எழுத வேண்டும்.