கோஷம் போட இரண்டு பேர் வேண்டும்

கணவர் போன பிறகு வந்த முதல் மே தினத்துக்குச் சில நாள் முன்னால், கட்சிக் கிளையிலிருந்து ஒருவர் பைக்கில் வந்தார். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல மாதிரி. செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்து, சுவரில் மாட்டியிருந்த என் கணவர் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். காபி வாங்கிக்கொண்ட பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"அம்மா, இந்த வருஷம் ரெட்டியார்பாளையத்துல தனியா கொடியேத்த வேணாம்னு முடிவாயிருக்கு. டவுன்லயே எல்லாருக்கும் சேத்து ஒண்ணா வச்சிக்கலாம். உங்களுக்கு ஆட்டோ அனுப்புறேன். முன்னாடியே சேர் போட்டுடுவோம்."

"அப்போ நம்ம தெருமுனைக் கம்பத்துல யாரு ஏத்துவாங்க?"

"தோழர் இருந்தவரைக்கும் சரிம்மா. இப்போ அங்க யாரு இருக்கா?"

அவருக்கு நேர் எதிரே நான் உட்கார்ந்திருந்தேன்.

"நான் இருக்கேன்ல" என்றேன்.

வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கணவர் போனதும் அவருடைய சட்டை வேட்டியை எடுத்து யாருக்கோ கொடுத்தோம். என் அரசியலையும் அவர் சாமான்களோடு சேர்த்து மூட்டை கட்டப் பார்க்கிறார்கள். உண்மையில் அந்த மனுஷரைச் சங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனதே நான்தான். மில்லில் நூல் சுற்றும் பிரிவில் நான் சங்கத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தபோது, அவர் நெசவுப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையானால் தியேட்டர் வாசலில் தன் நடிகருக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். மில் வாசலில் சங்கம் நடத்துகிற கேட் மீட்டிங்குக்கு வந்தால்தான் கல்யாணப் பேச்சு என்று கறாராகச் சொல்லிவிட்டேன். வந்தார். வந்தவருக்கு வெண்கலத் தொண்டை. கொஞ்ச நாளிலேயே மைக் அவர் கைக்குப் போய்விட்டது.

அதிலிருந்து அவர் கூப்பிடுவார், நாங்கள் பதில் சொல்லுவோம். கோஷம் என்றால் அப்படித்தான். ஒருவர் "இன்குலாப்" என்று சொல்லி நிறுத்த வேண்டும், மற்றவர்கள் "ஜிந்தாபாத்" என்று முடிக்க வேண்டும். என் வாழ்நாளில் நான் சொன்னதெல்லாம் பின்பாதிதான். பெண்கள் கூப்பிடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்கும்தான் தோன்றவில்லை.

மில்லை மூடிய பிறகு கம்பத்தடிக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். சிலர் செத்துப்போனார்கள். சிலர் பிள்ளைகள் வீட்டோடு போய்விட்டார்கள். சிலர் கட்சி மாறி வேறு கம்பத்தடிக்குப் போனார்கள். அவர்களை மட்டும் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கடைசியில் நாங்கள் இருவர்தான் மிச்சம். குழம்பில் உப்பு அதிகம் என்று விடிந்ததிலிருந்து சண்டை போட்ட அதே இரண்டு பேர் தெருமுனைக்குப் போய் நிற்போம். அவர் கூப்பிடுவார், நான் பதில் சொல்லுவேன். கூட்டம் இல்லையே என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இப்போது வீட்டில் சண்டை போட ஆளில்லை. எனக்கு அதுதான் பெரிய கஷ்டம். கட்சிப் பத்திரிகை இன்னும் அவர் பெயருக்குத்தான் வருகிறது. காலையில் அவர் அதை உரக்கப் படிப்பார். நான் கீரை ஆய்ந்துகொண்டே குறுக்கே பேசுவேன். கூட்டணி விஷயத்தில் எங்களுக்குள் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. தேர்தல் வந்தால் வாரக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்போம். இப்போது நானே உரக்கப் படித்துப் பார்க்கிறேன். தலையங்கம் தப்பு என்று சொன்னால், இல்லை என்று சொல்ல ஆள் வேண்டுமே. மகன் பெங்களூரில் இருக்கிறான். தினமும் போன் செய்வான். நாட்டு நடப்பை நான் ஆரம்பித்தால், "விடும்மா, பிபி ஏறப்போவுது" என்று பேச்சை மாற்றிவிடுவான்.

மே தினத்துக்கு முந்தின நாள் பஸ் ஏறிப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். வழக்கமாக வாங்குகிற பூக்காரம்மாவிடம் உதிரி ரோஜா கேட்டேன்.

"ஐயாவுக்குத் தெவசமாம்மா?"

"எங்க வீட்ல தெவசமெல்லாம் கெடையாது. கொடியேத்தணும்."

"அவரு ஞாபகமாவா?"

"எனக்காகத்தான் ஏத்துறேன்."

அவள் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு இன்னொரு கை அள்ளிப் போட்டாள். கோபமாக வந்தது, ஆனாலும் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. பூ நல்ல பூ.

கொடியை மடித்து உள்ளே பூவை வைத்துக் கட்டுவது அவருடைய வேலையாக இருந்தது. மேலே போனதும் கயிற்றைச் சுண்டி இழுத்தால் முடிச்சு அவிழ்ந்து, கொடி விரிந்து, பூ கொட்ட வேண்டும். பார்த்திருக்கிறேனே தவிர நான் கட்டியதில்லை. காலையில் உட்கார்ந்து கட்டினேன். மல்லிகை தொடுத்துப் பழகிய கை, தன் பாட்டுக்குப் பூ முடிச்சைப் போட்டுவிட்டது.

கம்பத்தடியில் நாலைந்து பெண்கள் சேதராப்பட்டுக் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, காதில் ஹெட்செட். நான் கயிற்றை இழுத்தேன். கொடி சுருண்டபடியே உச்சிக்குப் போனது. சுண்டினேன். அவிழவில்லை. பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தேன். பூ முடிச்சு இழுக்க இழுக்க இறுகும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உச்சியில் ஒரு சிவப்புப் பொட்டலம் தொங்கிக்கொண்டிருந்தது.

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், வேறென்ன செய்வது?

"எறக்குங்க ஆயா, நான் கட்டித் தரேன்" என்றாள் ஒருத்தி.

"வேணாம்மா. நானே பாத்துக்கறேன்."

கொடியை இறக்கி, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, பாவாடை நாடாவுக்குப் போடுகிற சுருக்கைப் போட்டு மறுபடியும் ஏற்றினேன். இந்தத் தடவை விரிந்தது. பூவெல்லாம் என் தலையிலும் அவர்கள் தோளிலும் விழுந்தது. அந்தப் பெண் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்தாள்.

"இன்னிக்கு என்ன ஆயா விசேஷம்?"

"மே தினம்மா. உங்களுக்கெல்லாம் லீவு."

"யாரு சொன்னா?" என்று மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தாள். "நாங்க கான்ட்ராக்ட் ஆயா. வரலன்னா சம்பளத்துல புடிச்சிடுவாங்க."

அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு முழு மேடைப் பேச்சு இருந்தது. வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். பஸ் போனதும் தெருமுனையில் நான் மட்டும்தான்.

அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். கோஷம் போட்டாயா என்று யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் கோஷம் இல்லாமல் கொடியை மட்டும் ஏற்றிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன். மறியலில் கைதாகிப் போலீஸ் வேனில் ஏறும்போதுகூட வராத பயம் அன்றைக்கு வந்தது, கிழவி தனியாக நின்று கத்துகிறாள், புத்தி பேதலித்துவிட்டது என்பார்களே என்று. அவர் பக்கத்தில் இருக்கக் கூடாதா என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. அவர் கூப்பிடுவதற்காக இல்லை. நான் கூப்பிட்டால் பதில் சொல்வதற்கு.

கையை உயர்த்தி "இன்குலாப்" என்றேன்.

குரல் பிசிறடித்தது. பால் பாக்கெட்டோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு நடையை எட்டிப் போட்டார். பதில் இல்லை. கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு அதை நான் ஒருநாளும் தெரியவிட்டதில்லை.

கடைசியில் என் வாயே "ஜிந்தாபாத்" என்றது. பழக்கம். அடுத்த தடவை உரக்கக் கூப்பிட்டேன், பதிலையும் உரக்கச் சொன்னேன். அதற்கடுத்த தடவை, கம்பத்தடியில் படுத்திருந்த நாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மகன் போன் செய்தான். கிளைக்காரர் அவனிடம் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது.

"டவுனுக்குப் போவலியாமே? தெருமுனைக்கா போன? அங்க யாரும்மா வருவாங்க?"

"வந்தாங்களே."

"யாரு?"

"நான்தான்."

"அப்பாவுக்காக இந்த வயசுல இவ்ளோ பண்றியேம்மா" என்றான்.

அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை.