மேட்டுத் தெருவுக்கு ரெண்டாங் கட்டம்

கம்பளைக்கு அப்பால் ஹீன்கந்தை என்ற சின்ன டவுனில் பரிமளத்தைத் தெரியாதவர்கள் குறைவு. பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே ரொட்டிக்கடை வைத்திருக்கிறாள். கடையில் குழாய் உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாளாவது தண்ணீர் வரும். அவள் குடியிருக்கும் மேட்டுத் தெருவில் குழாயே கிடையாது. கடையைப் பூட்டியதும் கேன்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஏற்றத்தில் ஏறுவாள். நடுவழியில் முழங்கால் கெஞ்சும். கேன்களை இறக்கிவைத்து, யாரையென்றில்லாமல் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறுபடி தூக்குவாள்.

டவுனுக்குப் புதிய குடிநீர்த் திட்டம் வருகிறது என்று கணக்கெடுக்க வந்தவர்களுக்கு மேட்டுத் தெருவில் வீடு வீடாக வழிகாட்டியவள் அவள்தான். வீட்டில் எத்தனை பேர், மாதாமாதம் பில் கட்டுவீர்களா என்றெல்லாம் கேட்டார்கள். "தண்ணி வந்தா ஏன் கட்டாம இருக்கப்போறோம்?" என்று சொல்லி, தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினாள். வெளிநாட்டு வங்கியொன்று கடன் தர ஒப்புக்கொண்டது.

பிறகு பிரதேச சபை மண்டபத்தில் கூட்டம் நடந்தது. திரையில் டவுனின் வரைபடம். புதிய குழாய்கள் நீலக் கோடுகளாக ஓடின. கோயில் வளைவோடு நீலம் நின்றுவிட்டது. அதற்கு மேலேதான் மேட்டுத் தெரு.

பரிமளம் எழுந்து நின்றாள். "எங்க தெருவுக்கு எப்ப சேர்?"

"மேட்டுக்கு ஏத்த வேற பம்ப் வேணும்மா. அது ரெண்டாங் கட்டம்," என்றார் சபையின் தலைவரான தவிசாளர்.

"அதுக்குக் காசு வந்திருச்சா?"

"இன்னும் இல்ல. பாப்போம்."

"எங்க தலையையும் எண்ணித்தானே கடன் வாங்குனீங்க?"

அவர் மறுக்கவில்லை. சனத்தொகை கூடுதலாக இருந்தால்தான் வங்கி சம்மதிக்கும் என்று, அதில் ஏதோ கெட்டிக்காரத்தனம் இருப்பதுபோல விளக்கினார். கடனை அடைக்க எல்லாருடைய தண்ணீர் பில்லும் கூடும் என்றும் சொன்னார்.

பரிமளம் குரலை உயர்த்தினாள். "எண்ணும்போது நாங்க ஆளு. குழாய் போடும்போது யாருமே இல்லையா? கடையில கூட்டுன பில்லக் கட்டிட்டு, வீட்டுக்குக் கேன்ல தூக்கணுமா? இதுக்குப் பேரு திட்டமா?"

உட்காரச் சொன்னார்கள். அவள் வெளியே நடந்தாள்.

பக்கத்து வீட்டு சகீனாவையும் கூட்டிக்கொண்டு கண்டியிலிருந்த திட்ட அலுவலகத்துக்குப் போனாள். உட்காரக் கதிரை கொடுத்தார்கள், பதில் கொடுக்கவில்லை. பெரிய அதிகாரி மீட்டிங்கில் இருக்கிறார் என்று மத்தியானத்தில் திருப்பியனுப்பினார்கள்.

சில மாதங்கள் கழித்து வங்கியிலிருந்து ஆட்கள் வேலையைப் பார்வையிட வந்தார்கள். அவர்களை வரவேற்கத் தவிசாளர் கடைவீதியில் வெற்றிலையோடு காத்திருந்தார். மேட்டுத் தெருப் பெண்களோ காலிக் கேன்களோடு வந்து ஜீப்பின் முன்னால் நின்றார்கள். வங்கிப் பெண்மணி இறங்கி என்னவென்று கேட்டார். மொழிபெயர்க்க அவரோடு வந்திருந்தவள் றஞ்சனா, திட்ட அலுவலகத்தின் இளம் இன்ஜினியர், யாழ்ப்பாணத்துக்காரி.

பரிமளம் கூட்டத்தில் கேட்டதையே இங்கும் கேட்டாள்.

தவிசாளர் றஞ்சனாவின் பக்கம் சாய்ந்தார். "நன்றி சொல்ல வந்திருக்காங்கன்னு சொல்லிருங்க மிஸ்."

"இல்லை சேர். அவ சொன்னதைத்தான் நான் சொல்லுவன்."

ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னாள். வங்கிப் பெண்மணியின் முகம் கறுத்தது. அடுத்த தவணைக் கடன் நின்றது. மேட்டுத் தெருவுக்குக் குழாய் போடாமல் ஒரு சதமும் வராது என்றானதும், அதுவரை இல்லாத பணம் எப்படியோ கிடைத்தது. சபைக் கட்டடத்துக்கு முன்னால் கட்டவிருந்த அலங்கார வளைவைக் கைவிட்டார்களாம். பம்ப் வந்தது, தண்ணீர்த் தாங்கி வந்தது, குழாய் மேடேறியது.

திறப்பு விழாவில் தவிசாளர் தன் விடாமுயற்சியைப் பற்றி நெடுநேரம் பேசினார். பிறகு போட்டோ பிடிப்பதற்காகப் பரிமளத்தை அழைத்து, குழாயைத் திறக்கச் சொன்னார். அவர் மேலிடத்தில் செய்த முறைப்பாட்டின் பேரில் றஞ்சனாவைத் தூரத்து மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்பது அன்று காலையில்தான் பரிமளத்தின் காதுக்கு எட்டியிருந்தது.

"அந்தப் பிள்ளைய ஏன் மாத்த வச்சீங்க?"

மைக் அணைக்கப்படவில்லை. தெருவுக்கே கேட்டது.

"அது நிர்வாக விசயம்மா..."

"உள்ளதச் சொன்னதுக்கா?"

அவர் மைக்கை அணைக்கச் சொல்லிக் கைகாட்டினார். சகீனாவே கையை நீட்டிக் குழாயைத் திருகினாள். தண்ணீர் சீறி விழுந்தது, சனம் கைதட்டியது. பரிமளத்தின் கைகள் அசையவில்லை.

இப்போது அவள் வீட்டில் தண்ணீர் வருகிறது. பில்லும் தவறாமல் கட்டுகிறாள். சபை பொதுமக்களைக் கூட்டும் நாட்களில் கடையைப் பூட்டிவிட்டுப் போய், றஞ்சனாவைப் பற்றித்தான் முதலில் கேட்கிறாள். தவிசாளர் இன்றுவரை பதில் சொல்லவில்லை.