கையில் ஊற்றிய தண்ணீர்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, சின்னம்மாவில் பங்கு கேட்பதுபோல ஒருத்தி வந்து சேர்ந்தாள்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டு, திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்டவிருந்த எங்கள் வீட்டில்தான் இருந்தார். சனிக்கிழமைகளில் அயல் பிள்ளைகளை விறாந்தையில் பாய் விரித்து இருத்தி, தானே எழுதிய கதைகளை வாசிப்பார். அவருக்குப் பக்கத்து இடம் என்னுடையது.

எங்கள் உடுப்புகளை வெளுத்துக் கொண்டுவரும் பெண்ணோடு அவளுடைய மகளும் வருவாள். என் வயதுதான். முற்றத்தில் நின்று கதை கேட்டவளைச் சின்னம்மா ஒருநாள் பாயில் இருத்தி வாசிக்கச் சொன்னார். நான் எழுத்துக்கூட்டித் தடுமாறுகிற சொற்களையெல்லாம் அவள் மளமளவென்று வாசித்தாள். அன்றிலிருந்து என் இடம் அவளுக்குப் போயிற்று.

அது போதாதென்று அம்மாவும் அவளைத்தான் தாங்கினார். எனக்குத் தாகமென்றால், "குசினியில குடம் இருக்கு, போய் வார்த்துக் குடி" என்பார். அவளுக்கோ தானே கிணற்றில் அள்ளி, உயரப் பிடித்து, அவள் குவித்த கைகளில் ஊற்றுவார். கோயிலில் தீர்த்தம் கொடுக்கிற மாதிரி இருக்கும். எனக்கு வயிறு எரியும்.

ஒரு சனிக்கிழமை சின்னம்மா புதுக்கதை ஒன்று வாசித்தார். காட்டுக் குளத்தில் எல்லா மிருகங்களும் இறங்கிக் குடிக்கும். முயல் மட்டும் கரையில் காத்து நிற்க வேண்டும். முடித்துவிட்டு, "எங்கட வீட்டில அந்த முயல் ஆர்?" என்று கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான், சின்னம்மா. அவளுக்கு மட்டும் அம்மா அள்ளிக் கையில ஊத்துறா. எனக்கு ஒருநாளும் ஊத்தினதில்லை."

அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னம்மா எழும்பி உள்ளே போய், என் வெள்ளிப் பேணியில் தண்ணீர் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார். குசினி வாசலில் அம்மா நின்றார். அவள் அம்மாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு வாய் வைத்து, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

என் பேணி. நான் அழத் தொடங்கினேன்.

அம்மா அதை உள்ளே எடுக்கவேயில்லை. கிணற்றுக்கட்டில் கிடந்தது. அடுத்த முறை அவள் வந்தபோது, "இதை நீயே கொண்டு போ, பிள்ளை" என்றார். அவள் பேணியை எடுத்து நேரே என்னிடம் வந்தாள்.

"இது உங்கட. எனக்கு வேண்டாம்."

நான் ஆசையோடு கையை நீட்டினேன். அம்மா ஓடி வந்து என் கையில் ஓங்கி அடித்தார். பேணி சீமெந்தில் விழுந்து உருண்டது. அவள் தாயின் உடுப்பு மூட்டைகளில் ஒன்றைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் படலையைத் தாண்டிப் போனாள். பிறகு அவள் வரவேயில்லை.

சின்னம்மா விறாந்தையில் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். எனக்கு விழுந்த அடிக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து அவருடைய மடியில் போய்ச் சாய்ந்தேன். அம்மாவை மட்டும் மன்னிக்க முடியவில்லை. ஊரார் பிள்ளைக்கு வெள்ளிப்பேணியையே கொடுக்கிற அளவுக்கு, பெற்ற மகளை அடிக்கிற அளவுக்கு, அவள்மேல் அம்மாவுக்கு என்ன அப்படியொரு பாசம் என்று இரவெல்லாம் விம்மிக்கொண்டு கிடந்தேன்.